தும்பையின் கண்ணுக்குப் போட்ட களிம்பு: பத்து நாள் அனுபவம்

ஆக்ஸிடெட்ராசைக்ளின், பாலிமிக்ஸின் பி என்ற இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள் சேர்ந்த கண் களிம்பு இது. 3.5 கிராம் குழாய். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்து, எங்கள் பூனை தும்பைக்குப் பத்து நாள் போட்டேன். மருந்துக்கு 5க்கு 4.5 கொடுப்பேன். அது அடைத்து வரும் குழாய்க்கு 5க்கு 2 தான்.

தும்பைக்கு இரண்டு வயது. ஒரு காலையில் வலது கண்ணைத் திறக்க முடியாமல் என் காலடியில் வந்து நின்றாள். மஞ்சளும் பச்சையுமாகப் பீளை கட்டி, இரண்டு இமைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டுப் பிரித்தேன். உள்சதை சிவந்து உப்பியிருந்தது. பூனைகளுக்குக் கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமை, மூக்கோரத்திலிருந்து பாதிக் கண்வரை ஏறி நின்றது.

வீட்டில் ஒரு கண் களிம்பு ஏற்கெனவே இருந்தது. சென்ற ஆண்டு எங்கள் நாயின் இமை வீக்கத்துக்குக் கொடுத்தது, பாதிதான் தீர்ந்திருந்தது. அதன் மூடியைத் திருகியும் விட்டேன். நான் தையல் வேலை செய்கிறவள். நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் குழாயின் எழுத்தைப் படித்தபோது, நுண்ணுயிர்க்கொல்லியின் பெயருக்குப் பக்கத்தில் டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு. மூடி வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லைப் படிக்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கக்கூடும் என்பது அன்று மாலைதான் தெரிந்தது.

மருத்துவர் எந்த மருந்தையும் எழுதுவதற்கு முன், ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதப்பட்டை ஒன்றை நனைத்து இமைக்குள் தொட்டார். ஃப்ளோரசீன் சாயம். கண்ணை உப்பு நீரால் கழுவி, அறை விளக்கை அணைத்து, நீல ஒளியில் பார்த்தார். கருவிழியின் மேல் கீறலோ புண்ணோ இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். தும்பையின் கண்ணில் ஒளிரவில்லை. புண் இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் புண் ஆறாது, கிருமி ஆழமாக இறங்கும், கருவிழி கரைந்து ஓட்டை விழவும் கூடும் என்றார். அதைக் கேட்டபோது என் கை சில்லிட்டது. அதனால்தான் இந்த மதிப்புரையில் களிம்பைவிட அந்தச் சாயப் பரிசோதனையை முதலில் எழுதுகிறேன். அது செய்யாமல் களிம்பு எழுதிக் கொடுத்தால், செய்யச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலை.

ஏன் இந்த மருந்து என்றும் கேட்டேன். பூனைகளின் கண் சிவப்புக்குப் பெரும்பாலும் தொடக்கம் ஹெர்பிஸ் வைரஸ், இல்லையென்றால் கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியாக்கள். வைரஸை இந்தக் களிம்பு ஒன்றும் செய்யாது; வைரஸ் புண்படுத்திய இடத்தில் குடியேறும் பாக்டீரியாவைத்தான் அடக்கும். கிளமிடியாவும் மைக்கோபிளாஸ்மாவும் டெட்ராசைக்ளின் குடும்பத்துக்குக் கட்டுப்படும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸிடெட்ராசைக்ளின், 1950இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து, இன்னும் கைகொடுக்கிறது. அது பாக்டீரியாவை உடனே கொல்வதில்லை. புரதம் செய்யவிடாமல் தடுத்துப் பெருகாமல் நிறுத்துகிறது, மிச்சத்தை உடல் பார்த்துக்கொள்கிறது. கூட இருக்கும் பாலிமிக்ஸின் வேறு வகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வை உடைக்கிறது. நிறுத்தி வைக்கும் மருந்து என்பதால் வேளை தவறக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு முறை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பதினொன்று என்று வைத்துக்கொண்டேன். பதினொரு மணிக்காகத் தூங்காமல் காத்திருந்த இரவுகளில் இந்த விளக்கம்தான் என்னை உட்கார வைத்தது.

ஓர் எச்சரிக்கையும் தந்தார். பாலிமிக்ஸின் சேர்ந்த கண் மருந்தால் மிக அரிதாகச் சில பூனைகளுக்குக் கடும் ஒவ்வாமை வரும். முதல் முறை போட்டபின் சில மணி நேரம் கூடவே இருந்து, வாந்தியோ மூச்சுத் திணறலோ தளர்ச்சியோ தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். தும்பைக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் முதல் வேளையைப் போட்டுவிட்டு வெளியே கிளம்பிவிடாதீர்கள்.

இனி கைவேலை. முதல் நாள் நேருக்கு நேர் குழாயை நீட்டினேன். தும்பை தலையைத் திருப்பி, களிம்பு காதோரம் போனது. அடுத்த முறை அவளைத் துண்டில் கழுத்துவரை சுற்றி, முதுகு என் வயிற்றோடு ஒட்டும்படி மடியில் வைத்து, தாடையை லேசாக உயர்த்தினேன். கட்டைவிரலால் கீழிமையை இழுத்தால் சிறு பை போல ஒரு பள்ளம் விழும். குழாயைப் பின்பக்கமிருந்து, அவள் பார்வைக்குள் வராமல் கொண்டுவந்து, ஓர் அரிசி நீளத்துக்குக் களிம்பை அந்தப் பள்ளத்தில் கிடத்த வேண்டும். பிறகு இமையை மூடி ஒரு நொடி வைத்திருந்தால் போதும், உடல் சூட்டில் உருகித் தானே பரவும். குழாயின் நுனி கண்ணையோ இமையையோ தொடவே கூடாது. தொட்டால் கண்ணும் காயப்படும், குழாய்க்குள்ளும் கிருமி போகும். களிம்பு போடும் முன் பீளையைத் துடைத்துவிட வேண்டும். பீளையின் மேல் போட்ட மருந்து வீண். பஞ்சின் நார் கண்ணில் ஒட்டுகிறது, மென்மையான துணித் துண்டே நல்லது. ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துண்டு. முன்னும் பின்னும் கை கழுவினேன்.

சொட்டு மருந்தைவிட இது கண்ணில் நெடுநேரம் தங்குகிறது, எரிச்சலும் குறைவு. ஆனால் பார்வையை மங்கலாக்கும். முதல் நாள் களிம்போடு அலமாரிமேல் தாவ முயன்று வழுக்கினாள்; அதன்பின் அரை மணி நேரம் அவளைத் தரையிலேயே வைத்திருந்தேன். கண்ணோர முடி பிசுபிசுவென்று ஒட்டித் தூசி சேர்கிறது. காலால் தேய்க்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு தேவைப்பட்டது, அது அவளுக்குப் பெரிய வேதனை.

குழாயைப் பற்றிய என் குறை இதுதான். மருந்தின் பெயர்கள் கடுகைவிடச் சிறிய எழுத்தில் இருக்கின்றன. பழைய ஸ்டீராய்டுக் குழாயும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒரு கண்ணையே பறிக்கக்கூடிய வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. திறந்த தேதியை எழுதவும் இடமில்லை. திறந்த நாளிலிருந்து நான்கு வாரத்தில் எறிந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், நான் காகிதம் ஒட்டி எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பீளை குறைந்தது. மூன்றாம் நாள் காலை கண் தானே திறந்திருந்தது. அன்றோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் இடது கண்ணும் கலங்கி, தும்மலும் சேர்ந்தது. மறுபடி தூக்கிக்கொண்டு போனோம். கிளமிடியா என்று மருத்துவர் சந்தேகித்தார். அது கண்ணில் மட்டும் தங்குவதில்லை என்பதால் களிம்பு மட்டும் போதாது, அதே டெட்ராசைக்ளின் குடும்பத்து மாத்திரையான டாக்ஸிசைக்ளினை வாய்வழி நான்கு வாரம் கொடுக்க வேண்டும் என்றார். அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் பூனைக்குப் புண்ணாகும்; ஒவ்வொரு முறையும் பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் கொடுத்தேன். களிம்புக்கு அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் இதுதான். அது தன் வேலையைச் செய்தது; ஆனால் அதை மட்டும் நம்பியிருந்தால் நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. என் தோழியின் நாய்க்கு இதே களிம்பு மூன்று முறை போட்டும் பீளை திரும்பி வந்தது. கடைசியில் காகிதப்பட்டை வைத்துக் கண்ணீரை அளந்தார்கள். ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டர் நனைய வேண்டிய பட்டை 6 மில்லிமீட்டர்கூட நனையவில்லை. கண் வறட்சிதான் நோய். பாக்டீரியா அதன்மேல் வந்த விருந்தாளி. அதற்குக் கண்ணீர் சுரக்க உதவும் சைக்ளோஸ்போரின் என்ற கண் மருந்தைத் தொடங்கிய பிறகுதான் அந்த நாய் நிம்மதியானது.

பத்தாம் நாள் மீண்டும் பார்த்து, களிம்பை நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரை மட்டும் தொடர்ந்தது. 28ஆம் நாள் குழாயில் கால்வாசி மிச்சமிருந்தது. இரண்டு கண்களும் தெளிவாக இருந்தன. குழாயைத் தூக்கி எறிந்தேன். நாயின் பழைய குழாயையும் இழுப்பறையிலிருந்து எடுத்து அதோடு சேர்த்து எறிந்தேன்.