கொப்பிக் என்று நம்பி வாங்கிய கொப்பி

கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்கள், அதுவும் யாழ்ப்பாணத்துக்குள் அற்ககோல் மாக்கர் (மை அற்ககோலில் கரைந்த நிறப் பேனை) தேடித் திரிகிறவர்கள், காசைக் கொடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். 14,500 ரூபா கொடுத்து ஏமாந்து போய் இருக்கிறேன். காசு போனதைக்கூட விடலாம், என்னுடைய கைதான் சரியில்லை என்று மூன்று நாளாய் என்னையே திட்டிக்கொண்டு இருந்தேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் அனுப்பிய பார்சலில் மிருகச் சீல்கள் ஒரு தாள் வந்தது. பலூன் பிடித்த யானைக்குட்டி, அணில், முயல், கொழுத்த பூனை ஒன்று. அக்ரிலிக் கட்டையில் ஒட்டி மையில் தொட்டு அழுத்தினால் கோட்டுப்படம் விழும், உள்ளே நிறம் தீட்டுவது எங்கள் பாடு. அதுவரை கலர் பென்சில்தான் பாவித்தேன். பிறகு மானிப்பாய் அக்கா ஒருவர் மகனின் முதலாவது பிறந்தநாளுக்கு யானைக்குட்டி போட்ட அழைப்பு அட்டை 30 கேட்டார். சரி, இந்த முறை ஒழுங்கான மாக்கர் வாங்கிச் செய்வோம் என்று ஆசைப்பட்டேன்.

ஆசைப்பட்டது கொப்பிக் என்ற அற்ககோல் மாக்கருக்கு. ஜப்பான் சாமான், 1987இல் இருந்து வருகிறது, அதில் ஸ்கெச் என்ற வகையில் மட்டும் 358 நிறம். ஒரு முனை தூரிகை மாதிரி வளையும், மை முடிந்தால் திரும்ப நிரப்பலாம், முனை தேய்ந்தால் முனையை மட்டும் மாற்றலாம். இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் தீட்டி, காய முதல் மெல்லிய நிறத்தால் எல்லையில் தடவிவிட்டால் இரண்டும் கலந்து கோடே தெரியாமல் போய்விடும், அதற்காகத்தான் ஆட்கள் அந்த விலை கொடுக்கிறார்கள்.

இணையத்தில் ஒரு பக்கத்தில் விளம்பரம் பார்த்தேன். படத்தில் அசல் கொப்பிக், மேலே பெரிய எழுத்தில் 'கொப்பிக் மாக்கர் 48 செற்', கடை ரவுனுக்குள்ளேயே, மாடியில். கடையின் பெயரை இங்கே போடவில்லை. நேரில் போனேன். பெடியன் கறுப்புப் பையைத் திறந்து காட்டினான், பேனைகள் சதுர உடம்பு. படத்தில் வேறு மாதிரி இருந்ததே என்று கேட்டதற்கு "இது புது மொடல் அக்கா" என்றான். ஸ்கெச் நீள்வட்ட உடம்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் மூடியில் சி1, சி3, ஈ33 என்று கொப்பிக்கின் எண்கள் அப்படியே இருந்தன. அதில்தான் விழுந்தேன். எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சீல் உடைச்சா விக்கேலாது அக்கா, நம்பி எடுங்கோ" என்றான். நானும் நம்பி எடுத்தேன். போதாததற்கு, இதற்குத் தோதான மை என்று ஒரு கறுப்பு மைத்தட்டும் தலையில் கட்டினான். "தண்ணி பட்டாலும் அசையாது அக்கா."

வீட்டுக்கு வந்து மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு (அற்ககோல் காற்றுக்கு உடனே காய்ந்துவிடும், காய்ந்தால் கலக்காது, ஆகவே இந்த வேலை வியர்த்து வழிந்துகொண்டு செய்கிற வேலை) பிறிஸ்டல் போட் என்கிற வழுவழுப்பான தடித்த அட்டையில் யானையை அடித்தேன். கோடு அழகாக விழுந்தது. ஆர்20ஐ எடுத்துக் காதுக்குள் மெல்லிய ரோசா வைத்தேன், கறுப்புக் கோடு கரைந்து காது முழுக்கப் புகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. காயவில்லைப்போல என்று அடுத்ததை அடித்து ஒரு இரவு வைத்தேன். விடிய எடுத்தால் அதே கதை. காரணம் பிறகுதான் விளங்கியது. அவன் தந்தது கரைப்பான் சேர்ந்த மை, பிளாஸ்டிக், கண்ணாடி, தகரத்தில் எல்லாம் அடிக்கப் பாவிப்பது. தண்ணீருக்கு அசையாது, உண்மைதான், ஆனால் அற்ககோல் பட்டால் கரையும். மாக்கர் வேலைக்கு வேண்டியது நேர்மாறான மை, அற்ககோலுக்கு அசையாத சாய மை, மெமென்டோ என்ற பெயரில் வருகிற மைத்தட்டு மாதிரி. 'வோட்டர்புறூவ்' என்ற ஒரு சொல்லை வைத்தே என்னை மடக்கிவிட்டான்.

பிறகு மச்சாள் பார்சலில் வைத்திருந்த சின்ன மெமென்டோ மைத்தட்டு ஞாபகம் வந்து, அதால் அடித்தேன். கோடு கரையவில்லை. இனிப் பிரச்சினை இல்லை என்று சாம்பல் நிறத்துக்குப் போனேன். கொப்பிக்கில் எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்லும், கடைசி இலக்கம் கூடக்கூட நிறம் கடுமையாகும். சி1ஐ உடம்பு முழுக்கப் பூசி, வயிற்றுக்குக் கீழும் காதுக்குப் பின்னாலும் சி3, ஆக ஓரத்தில் கொஞ்சம் சி5, திரும்ப சி1ஆல் தடவினால் யானை உருண்டு திரண்டு வரவேண்டும். எனக்கு வந்ததோ, சி3 கிட்டத்தட்டக் கறுப்பு, சி5 நீலம் அடித்த சாம்பல், சி1 காய்ந்துபோய்க் கீறியது. தடவத் தடவக் கடதாசி பஞ்சு மாதிரி உருண்டு உரிந்தது. யானைக்குச் சொறி வந்த மாதிரி இருந்தது, வேறெப்படிச் சொல்ல. போட் கூடாது என்று வேறு போட் வாங்கினேன். கை அழுத்துகிறது என்று மெல்லப் பூசினேன். இப்படியே 22 யானை குப்பைக்குள் போனது.

மூன்றாம் நாள் இரவு மச்சாளுக்கு வீடியோக் கோல் எடுத்துப் பேனையைக் காட்டினேன். பார்த்த உடனே சிரிக்கத் தொடங்கிவிட்டார். "அடியேய், இது கொப்பிக் இல்லை, கொப்பி!" அங்கே ஒரு பேனையே எட்டு டொலருக்குக் குறையாதாம். 48ஐப் பெருக்கிப் பார், எண்பதாயிரம் வருமே, உனக்கு மட்டும் ஆர் 14,500க்குத் தருவான் என்று கேட்டார். அந்தக் கணக்கை நான் கடைப்படி ஏற முதல் போட்டிருக்க வேண்டும்.

அவர் சொல்லித் தந்தபடி 48ஐயும் ஒரு தாளில் தீட்டிப் பார்த்தேன். அற்ககோல் மை கடதாசியின் பின்பக்கம் வரை ஊறும், காய்ந்த பிறகு ஈரப் பஞ்சால் துடைத்தால் பெரிதாக அசையாது. தண்ணீர் மை மேலேயே நிற்கும், துடைத்தால் கையோடு வரும். என்னுடைய செற்றில் 19 பேனை வெறும் தண்ணீர் மை, சாம்பலும் நீலமும் முழுக்க அதுதான். 9 பேனை வரும்போதே காய்ந்தவை. ஈ33உம் ஈ35உம் ஒரே மண்ணிறம். இரண்டு மூன்று செற்றில் இருந்து பொறுக்கிப் போட்டு, மூடிக்கு மட்டும் எண் அடித்திருக்கிறார்கள். தூரிகை முனை ஒன்றில்கூட இல்லை.

அடுத்த நாள் தாளையும் பையையும் கொண்டு கடைக்குப் போனேன். "நிமித்தி வைச்சிருப்பியள் அக்கா, இரண்டு முனைப் பேனையைப் படுக்க வைக்கவேணும்" என்று தொடங்கினான். படுக்க வைப்பது நல்லதுதான், ஆனால் மூன்று நாள் நிமிர்ந்து நின்றதற்கு அற்ககோல் தண்ணீராக மாறுமா தம்பி என்று கேட்டேன். பதில் இல்லை. "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கேலாது." பாவிக்காமல் எப்படித் தெரியும்? "நான் கொப்பிக் டைப் எண்டுதான் சொன்னனான்." விளம்பரத்தைக் காட்டுவோம் என்று போனை எடுத்தால், அதில் இப்போது 'டைப்' என்று ஒரு சொல் புதிதாக முளைத்திருந்தது. பில்லைப் பார்த்தேன். 'கலர் பேனை 1 செற்', அவ்வளவுதான், பெயரும் இல்லை மைத்தட்டும் இல்லை. நான் கேட்டிருக்கவும் இல்லை. கடைசியில் இரக்கப்பட்டவன் மாதிரி இரண்டு கிளிட்டர் பசை எடுத்து நீட்டினான். அதை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே ஆராவது வாங்கப் போனால், அடித்து வைத்த சீல் படம் ஒன்றையும் உங்கள் சொந்தப் போட்டையும் கையோடு கொண்டு போங்கள். சாம்பலில் இரண்டையாவது தீட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். பில்லில் பெயரையும் வகையையும் எழுதச் சொல்லுங்கள், கேட்டால் தரத்தான் வேண்டும். விளம்பரத்தை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977, சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். நான் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

மானிப்பாய் அக்காவின் 30 யானையும் பழைய கலர் பென்சிலாலேயே முடிந்தது, அவருக்கு நல்ல சந்தோசம். மாக்கர் பையை மகள் எடுத்துக்கொண்டாள். நேற்று புவியியல் கொப்பியில் இலங்கைப் படம் கீறி, சுற்றிவரக் கடலுக்கு அந்த நீலத்தை அழுத்தி அழுத்தித் தீட்டிக்கொண்டு இருந்தாள். வாங்கித் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சுத்த வெள்ளை.