பெடலுக்குள் எரிந்தது வால்வு இல்லை: கிதார் பெடல் வாங்க திருவனந்தபுரம் போகிறவர்கள் கவனத்துக்கு

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் சர்ச் குயரில் கிதார் வாசிக்கிற தம்பி தங்கைகளே, டிசம்பர் நெருங்கினால் பெடல், அதாவது கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்துக் காலால் அமுக்கிச் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி, வாங்க நாம் எல்லோரும் பஸ் ஏறுவது திருவனந்தபுரத்துக்குத்தான். ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 9,800 ரூபாய் போனது. பணம் போனதைவிட, மூன்று வாரம் என் ஆம்பையும் (கிதார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) என் விரலையும் நானே குறை சொல்லிக்கொண்டு கிடந்ததுதான் இன்னும் வலிக்கிறது.

என்னிடம் இருப்பது 20 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பு, 8 இஞ்ச் ஸ்பீக்கர். கிளீன் சத்தம் அருமையாக வரும். அதிலேயே உள்ள, சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பட்டனை அமுக்கினால் மட்டும் தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்தது போல இரையும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாட்டுக்கு நடுவே கிதார் தனியாக வாசிக்க இந்த வருடம் இடம் கொடுத்திருந்தார்கள். அதற்காகச் சேர்த்த பணம் அது.

கடையின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம் என்பது வரை சொல்கிறேன். கடைக்காரர் முதலில் கேட்டதே, "மோனே, ஆம்பு ஏது?" என்றுதான். டிரான்சிஸ்டர் ஆம்பு என்றேன். முகத்தைச் சுளித்தார். "அதுக்குச் சாதா பெடல் ஒண்ணும் எடுக்காது. இதப் பாரு. உள்ள 12ஏஎக்ஸ்7 டியூபாக்கும். உன் ஆம்ப டியூப் ஆம்பா மாத்திடும்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். டியூப் என்றால் பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வுதான், 12ஏஎக்ஸ்7 அதில் ஒரு வகை. கம்பெனிப் பெயர் இல்லை. கையால் செய்ததாம், அதனால்தான் விலையாம். மேலே வட்டமாக ஒரு கண்ணாடி. ஆன் செய்ததும் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. பார்க்க அவ்வளவு அழகு.

அவரே வாசித்துக் காட்டினார், பிறகு என் கையில் கிதாரைத் தந்தார். சத்தம் திரண்டு, நீண்டு, பாடுகிற மாதிரி வந்தது. அங்கே நான் கவனிக்கத் தவறிய இரண்டு விஷயங்கள்: கடையில் இருந்தது டியூப் ஆம்பு, பெடலில் சத்தத்தை உடைக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் நாப் கிட்டத்தட்ட பூஜ்யத்தில், வெளியே போகும் சத்தத்தின் அளவுக்கான லெவல் நாப் முழுவதும் ஏறியிருந்தது.

வீட்டில் வந்து அதே அமைப்பில் என் ஆம்பில் சொருகினேன். மூக்கடைத்த குரல் போல ஒரு சத்தம். லெவலை இன்னும் ஏற்றினால் கரகரவென்று உடைந்தது. தம்புரு போலப் பாடிய அந்த நீளம் எங்கேயும் இல்லை. போன் செய்தேன். "உன் ஆம்பு போரா, நான் அப்பவே சொன்னேன். நல்ல டியூப் ஆம்பு ஒண்ணு வந்திருக்கு, வா" என்றார். போரா என்றால் போதாது என்று அர்த்தம். இரண்டாவது வலை அது. விழுந்திருந்தால் இன்னும் முப்பது நாற்பதாயிரம் போயிருக்கும்.

கடையில் என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் வாங்கியது போன்ற பெடலுக்கு ஓவர்டிரைவ் பெடல் என்று பெயர், அது இரண்டு வேலை செய்யும். ஒன்று, தானே சத்தத்தை உடைப்பது. இன்னொன்று, சிக்னலைப் பெருக்கி அடுத்து இருப்பதை உடைய வைப்பது. டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றினால் இரண்டாவது வேலைதான் நடக்கும். அடுத்து இருப்பது டியூப் என்றால், அது மெல்ல மெல்ல அமுங்கி, ஓரங்கள் உருண்டு உடையும். காதுக்கு இனிமையாக இருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்பின் உள்வாசல் அப்படி இல்லை. ஒரு எல்லை வரை சுத்தமாகப் போகும், எல்லையைத் தாண்டியதும் அலையின் தலையைக் கத்தியால் சீவினது போல வெட்டும். ஆக, கடையில் நான் கேட்டது பெடலின் சத்தம் இல்லை. பெடல் தள்ளிவிட்ட டியூப் ஆம்பின் சத்தம். அந்த ஆம்பு என் வீட்டுக்கு வரவில்லை.

டியூப் கதைக்கு வருகிறேன். குழித்துறைப் பக்கம் மைக் செட், ரேடியோ பழுது பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. பெடலை அவரிடம் கொண்டுபோனேன். வாங்கி மேசையில் வைத்து ஆன் செய்தார், கட்டஞ்சாயா சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து என் கையைப் பிடித்து அந்தக் கண்ணாடி மேல் வைத்தார்.

"சூடு இருக்கா மக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன எப்படி வால்வு? வால்வு ரேடியோவ ஆன் பண்ணினா உள்ள சூடேறின பிறகுதான் சத்தமே வரும். ஒரு மணி நேரம் ஓடினா பெட்டி மேல பூனை வந்து படுக்கும். எந்தக் கரண்டில ஓட்டுன?"

ஒரு 9 வோல்ட் பேட்டரியில் மூன்று வாரமாக ஓடுகிறது என்றேன். தலையை ஆட்டினார். 12ஏஎக்ஸ்7 வால்வின் உள்ளே சூடாக்கும் கம்பிக்கு மட்டும் 12.6 வோல்ட்டில் 150 மில்லியாம்பியர் வேண்டும், 6.3 வோல்ட்டில் என்றால் 300. நாம் பெடலில் போடுகிற 9 வோல்ட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 500 மில்லியாம்பியர் மணி அளவுதான். உண்மையான வால்வு உள்ளே இருந்திருந்தால் ஒரு குயர் பிராக்டிஸ்கூட முழுதாகத் தாண்டியிருக்காது.

அடி மூடியின் திருகுகள் மேல் பசை ஊற்றி மூடியிருந்தார்கள். சுரண்டித் திறந்தோம். கண்ணாடிக்குக் கீழே ஒரு ஆரஞ்சு எல்இடி. பலகையில் 4558 என்ற எட்டுக்கால் சிப் ஒன்று, சில டயோடுகள். இபனேஸ் கம்பெனியின் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலில் பல காலமாக இருக்கும் அதே சர்க்யூட் வழி. அந்தப் பெடலின் பெயரில்தான் டியூப் உண்டு, உள்ளே கிடையாது. கெட்ட சர்க்யூட் என்று சொல்லமாட்டேன், உலகம் முழுக்க நேசிக்கிற சர்க்யூட் அது. ஆனால் தாழ்ந்த ஸ்வரங்களைக் குறைத்து, 700 ஹெர்ட்ஸ் பக்கத்து நடுச் சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது அதன் குணம். ஏற்கனவே அடிச்சத்தம் குறைவான என் 8 இஞ்ச் ஸ்பீக்கரில் மூக்கடைத்த குரல் வந்ததற்கு அதுதான் காரணம். பெயர் பெற்ற கம்பெனியின் ஓவர்டிரைவ் பெடலே 9,800க்குக் குறைவாகப் புதிதாகக் கிடைக்கும்.

இன்னொன்று. எந்த அடாப்டரும் போடலாம் என்றும் கடைக்காரர் சொல்லியிருந்தார். தயவுசெய்து போடாதீர்கள். பெரும்பாலான பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுவில் மைனஸ். எங்கள் சர்ச் கீபோர்டின் அடாப்டர் 12 வோல்ட், நடுவில் பிளஸ். முனை கச்சிதமாகப் பொருந்தும், பெடல் புகைந்துபோகலாம். அடாப்டர் மேல் அச்சிட்டிருக்கும் அந்தச் சின்ன வட்டப் படத்தைப் பார்த்த பிறகு சொருகுங்கள்.

பெட்டியோடு திரும்பக் கடைக்குப் போனேன். "திறந்துட்டியே மோனே, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். பில் கேட்டேன். வாங்கிய அன்று அவர் தந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பு போட்ட வெள்ளைத் துண்டு. கீழே 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது' என்று முத்திரை. கூகுள் பேயில் நான் கட்டிய பணமும் ஒரு தனி ஆளின் எண்ணுக்குத்தான் போயிருந்தது.

அந்த முத்திரையைப் பார்த்து நான் அடங்கிப்போய்விட இருந்தேன். நீங்கள் அடங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. நம்மைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு முக்கியமானது இது: கடை கேரளாவில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதல் படியாக தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

ஆம்பு போரா என்று கேட்டவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். ரோலண்ட் ஜேசி-120 டிரான்சிஸ்டர் ஆம்புதான். 1975லிருந்து உலகம் முழுக்க மேடைகளில் அதன் முன்னால் பெடல் போட்டு வாசிக்கிறார்கள். நெய்யாற்றின்கரையில் இருக்கும் நண்பன் தன்னிடமிருந்த பாஸ் (Boss) கம்பெனியின் டிஎஸ்-1ஐ ஒரு வாரத்துக்குத் தந்தான். 1978லிருந்து வருகிற ஆரஞ்சு நிற டிஸ்டார்ஷன் பெடல் அது. உடைக்கிற வேலையை ஆம்புக்கு விடாமல் தானே செய்து முடித்துவிடும். ஆம்பைக் கிளீன் சேனலில் வைத்தேன். பெடலின் டிஸ்ட் நாப் பாதிக்குச் சற்றுக் கீழே. டோன் நன்றாகக் குறைத்து, இல்லாவிட்டால் காதைக் குத்துகிறது. லெவல், பெடலை அணைத்தால் வரும் சத்தத்துக்குச் சமமாக. பிறகு அவனுடைய மஞ்சள் எஸ்டி-1 ஓவர்டிரைவை அதற்கு முன்னால் போட்டு, டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றினேன். கடையில் டியூப் ஆம்பு செய்த வேலையை இப்போது டிஎஸ்-1 செய்தது. என் 20 வாட் ஆம்பு பாடியது. அதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது, மூன்று வாரம் அந்த ஆம்பை எவ்வளவு திட்டியிருப்பேன்.

உங்கள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தால் போங்கள், பஸ்ஸில் மடியில் வைக்கிற கனம்தான். முடியாவிட்டால் கடையில் இருக்கும் சிறிய டிரான்சிஸ்டர் ஆம்பில் சொருகச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

வட்டக் கண்ணாடி வைத்த அதே பெட்டி உங்களில் யாரிடமாவது இருந்தால், திருகில் கை வைக்காதீர்கள். நான் வீடியோ எடுக்காமல் திறந்தது தவறு. அரை மணி நேரம் ஓட்டிக் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தே இருந்தால், இரண்டு பேரை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே திறக்கச் சொல்லுங்கள். எஸ்டிமேட் துண்டையும் கூகுள் பே ரசீதையும் பத்திரப்படுத்தி எனக்குத் தெரிவியுங்கள். நாகர்கோவிலில் மனு கொடுக்கும்போது உங்களுடையதையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.