விவாகரத்து டிக்ரி நகல்: நகல் மனுவா, இணையமா, ஆர்டிஐயா?

தமிழ்நாட்டில் முடிந்துபோன ஒரு விவாகரத்து வழக்கின் டிக்ரி (திருமணம் கலைந்ததை அறிவிக்கும் நீதிமன்ற ஆணை) போன்ற ஆவணத்தை வாங்க நான்கு வழி சொல்வார்கள். நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் அரசு இணையதளமான இகோர்ட்ஸில் தேடி அச்செடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேட்கலாம். வக்கீல் ஆபீசில் கிடக்கும் பழைய கட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி கையெழுத்து வாங்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நகல் மனுதான். மற்றவை அதற்கு உதவுமே தவிர, அதற்கு ஈடாகாது.

நோட்டரி ஜெராக்ஸ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தன்னிடம் காட்டிய தாளின் பிரதி இது என்பதற்கு மேல் நோட்டரி எதற்கும் பொறுப்பேற்பதில்லை. தீர்ப்பு இதுதான் என்று நீதிமன்றமே பொறுப்பேற்பது சான்றிட்ட நகலில் மட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 75ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 76) அதற்கு வேண்டியதைச் சொல்கிறது: உண்மை நகல் என்ற குறிப்பு, தேதி, அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து, முத்திரை. பாஸ்போர்ட்டில் துணையின் பெயரை நீக்கும்போதும், மறுமணத்தைப் பதிவு செய்யும்போதும், வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாக அரசு தரும் அப்போஸ்டில் சான்றை வாங்கும்போதும் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

இணையம்: தேடுவதற்கு நல்லது, காட்டுவதற்கு அல்ல

இகோர்ட்ஸ் தளத்தின் பயன் வழக்கு எண்ணைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண் (வழக்குக்கான தனி அடையாள எண்) உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. இது தெரிந்தால் நேராக வழக்குக்குப் போய்விடலாம். தெரியாவிட்டால் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, வழக்கு எண்ணையோ பெயரையோ ஆண்டையோ கொடுத்துத் தேட வேண்டும். அங்கே அடிக்கடி நடக்கும் பிழை, நிலுவை வழக்குகளில் மட்டும் தேடிவிட்டு 'பதிவே இல்லை' என்று முடிவுகட்டுவது. முடிந்த வழக்குகளும் சேர்ந்து வரும்படி தெரிவை மாற்றிக்கொள்ளுங்கள். பெயரை முழுதாக அடிக்க வேண்டாம். லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள்; மனுவில் எப்படி டைப் செய்தார்களோ அப்படித்தான் பதிவில் இருக்கும். முதல் மூன்று நான்கு எழுத்து போதும்.

திருமண வழக்குகளில் பெயர்கள் மறைக்கப்பட்டிருப்பதும், உத்தரவு திறக்காமல் போவதும் தளத்தின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இந்த வழக்குகளைத் திறந்த மன்றத்தில் நடத்தாமல் மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. விவரங்களை அச்சிட்டு வெளியிடவும் தடை விதிக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டம் 11ஆம் பிரிவும் அதே போக்கில் இருக்கிறது. கணினிக்கு வராத பழைய வழக்குகள் இதில் அகப்படவே மாட்டா.

எந்த நீதிமன்றம் என்பதே தெரியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இந்து திருமணச் சட்டம் 19ஆம் பிரிவின்படி வழக்குப் போடக்கூடிய முக்கிய இடங்கள் நான்கு: திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கும் ஊர் (இது 2003இல் சேர்ந்தது). இந்த நான்கு ஊர்களின் நீதிமன்றங்களையும் பட்டியல் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் வழக்கு சார்பு நீதிமன்றத்தில் எச்எம்ஓபி (இந்து திருமண அசல் மனு) எண்ணோடு நடந்திருக்கும். சென்னையில் என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றங்களில் ஓபி (அசல் மனு) எண்ணோடு இருக்கும். கிறிஸ்தவத் திருமணம் என்றால் ஐடிஓபி (இந்திய விவாகரத்துச் சட்ட அசல் மனு) என்ற தலைப்பில் தேடுங்கள். 2001 திருத்தத்துக்கு முன்பு மாவட்ட நீதிமன்றம் கொடுத்த கிறிஸ்தவ விவாகரத்துக்கு உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாடும் தேவைப்பட்டது; ஆகவே அந்தக் காலத்து வழக்குகளுக்கு இரண்டு இடத்து ஆவணமும் வேண்டும்.

ஆர்டிஐ

சுருக்கமாகச் சொன்னால், இதற்கு ஆர்டிஐ சரியான கதவு அல்ல. குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது: வழக்கு ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படி விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பத்து ரூபாயில் முடிந்துவிடும் என்று நம்பி 30 நாள் காத்திருந்தால், கடைசியில் 'நகல் மனு போடவும்' என்ற பதில்தான் வரும். மேல்முறையீட்டுக்குக் கெடு ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்த 30 நாள் பெரிய இழப்பு.

நகல் மனு

முதலில், எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை (டிக்ரி) வேறு. காரணங்களை விளக்கும் உத்தரவை நீதிமன்ற வட்டாரத்தில் 'ஃபேர் ஆர்டர்' என்பார்கள். 'இன்ன தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது' என்று சுருக்கமாகச் சொல்வது டிக்ரி, அல்லது 'டிக்ரீட்டல் ஆர்டர்'. ஒன்றை மட்டும் வாங்கி வந்து, அலுவலகத்தில் மற்றதைக் கேட்டதும் திரும்பிப் போய் அலைகிறவர்கள் நிறைய. மனுவில் 'ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில் சமரச ஒப்பந்தம் டிக்ரியின் பகுதியாக இருந்தால் அதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஜீவனாம்சமும் குழந்தையைப் பார்க்கும் நாட்களும் அதில்தான் இருக்கும்.

இந்து திருமணச் சட்டம் 23(4) பலருக்குத் தெரியாத உரிமை ஒன்றைத் தருகிறது. விவாகரத்து டிக்ரி வழங்கும் நீதிமன்றம் அதன் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். கூடுதலாக இரண்டு மூன்று நகலுக்கு அப்போதே மனு போடுவது நல்லது. அசலாக ஒரு நகலை ஒப்படைத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. பத்து வருடம் கழித்து வாங்குவதைவிட இப்போது வாங்குவது எவ்வளவோ எளிது.

மனுவில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயர், தீர்ப்பு தேதி, வேண்டிய ஆவணம், எத்தனை நகல், வழக்கில் நீங்கள் யார் (மனுதாரரா, எதிர்மனுதாரரா) என்பவை இருந்தால் போதும். அதற்குரிய நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். கொடுத்ததும் ஒரு சி.ஏ. எண் (நகல் மனுவின் எண்) தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். பக்கங்கள் கணக்கிடப்பட்டதும், செலுத்த வேண்டிய நகல் கட்டணம் அறிவிப்புப் பலகையில் வரும். பெரும்பாலான மனுக்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். தனியாக உங்களுக்குத் தகவல் வரும் என்று எதிர்பார்த்திருந்தால், கெடு தாண்டி மனு தள்ளுபடியாகி, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வாரம் இரண்டு முறை பலகையைப் பார்க்க யாராவது ஒருவர் வேண்டும்.

தரப்பினர் நேரில் போட முடிகிற இந்த மனுவை வக்கீல் மூலமாகப் போடுவதை நான் ஆதரிப்பது அதனால்தான். வக்கீலின் குமாஸ்தா தினமும் அந்தப் பலகையைக் கடந்து போகிறார். வழக்கு முடிந்துவிட்டதே, புதிதாக வக்காலத்து (வக்கீலுக்கு எழுதித்தரும் அதிகாரப் பத்திரம்) வேண்டுமா என்று தயங்க வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 3 விதி 4இன்படி, நகல் வாங்குவதும் கொடுத்த ஆவணங்களைத் திரும்பப் பெறுவதும் பழைய வக்காலத்துக்குள்ளேயே அடங்கும். ஊரிலேயே இருந்து, நேரமும் உள்ளவர் தானே போடலாம். பெரிய சிக்கல் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், நகலில் இருக்கும் தேதி முத்திரை. மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுக்கப்பட்ட நாள் என்று ஐந்து தேதிகள் அதில் இருக்கும். இணைய அச்சிலும் ஆர்டிஐ பதிலிலும் ஜெராக்ஸிலும் கிடைக்காதது இதுதான். காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவு, நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. தீர்ப்பு ஜூன் 1. ஜூன் 5 மனு. ஜூன் 25 நகல் தயார் என்றால் 21 நாள் கழியும். ஆனால் ஜூன் 10இல் கட்டணம் கேட்டும் 20இல்தான் கட்டினீர்கள் என்றால், அந்தத் தாமதம் உங்கள் கணக்கில்தான் விழும். இன்னொன்று: டிக்ரி எழுத நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்கள், அதற்கு முன்பே நீங்கள் நகல் மனு போட்டிருந்தால்தான் கழியும். 'டிக்ரி வரட்டும், அப்புறம் போடலாம்' என்று இருப்பவர் அந்த நாட்களை இழக்கிறார். இலவச நகலுக்காகக் காத்திராமல் தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ மனு போடச் சொல்வது இதற்காகத்தான்.

கெடு எத்தனை நாள்? குடும்ப நீதிமன்றச் சட்டம் 19ஆம் பிரிவு 30 நாள் என்கிறது. இந்து திருமணச் சட்டம் 28ஆம் பிரிவு 90 நாள் என்கிறது. இரண்டும் வேறுபடுவதால், மேல்முறையீடு செய்பவர் 30 நாள்தான் என்று நினைத்து ஓடட்டும். மறுமணம் செய்பவர் 90 நாளையும் நகல் நாட்களையும் சேர்த்துக் காத்திருக்கட்டும். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்தில் (சென்னை அல்லது மதுரைக் கிளை), சார்பு நீதிமன்றத் தீர்ப்பு என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுமணத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

பழைய வழக்குகளில் பொறுமை வேண்டும். முடிந்த கட்டு பதிவறைக்குப் போயிருக்கும். இடையில் அந்த ஊரில் குடும்ப நீதிமன்றம் வந்திருந்தால் நிலுவை வழக்குகள் அங்கே மாற்றப்பட்டுப் புது எண் பெற்றிருக்கும். பழைய எண்ணோடு சார்பு நீதிமன்றத்தில் மனு போட்டால் 'இல்லை' என்றுதான் திரும்பும். எண்ணே தெரியாவிட்டால், தீர்ப்பு வந்த ஆண்டைச் சொல்லி வழக்குப் பதிவேட்டைத் தேடக் கேட்டு மனு கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நபருக்கு

மறுமண வரன் பார்க்கும் குடும்பங்கள், வரனின் விவாகரத்து உண்மையா என்று அறிய நேராக நீதிமன்றத்தில் நகல் கேட்க நினைக்கிறார்கள். தரப்பினரல்லாதவர் காரணத்தை விளக்கிப் பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு, நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். திருமண வழக்கில் அது எளிதில் கிடைக்காது. வரன் வீட்டாரிடமே சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள வழக்கு எண்ணையும் தீர்ப்பு தேதியையும் இகோர்ட்ஸில் ஒப்பிடுவது மேல். டிக்ரி ஒருதலைப்பட்சமாக (மறுதரப்பு ஆஜராகாமல்) வந்ததா என்று கட்டாயம் பாருங்கள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கோர மறுதரப்புக்கு உரிமை உண்டு. பரஸ்பர சம்மத டிக்ரியில் இந்த அச்சம் இல்லை.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, பெயர், தந்தை பெயர், திருமண தேதி, முகவரி ஆகியவற்றைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்போஸ்டில் கவுன்டரில் தடையாகும். எழுத்துப் பிழை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 152ஆம் பிரிவில் திருத்த மனு போடலாம். திருத்தம் ஆனபின் புதிதாக நகல் மனு போட்டு, திருத்தப்பட்ட டிக்ரியின் நகலை வாங்க வேண்டும். பழைய நகல்களைத் தனியே எடுத்து வையுங்கள், ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது.