ஹீமோஃபிலியாவோடு ஜெர்மனி வருகிறவர்களுக்கு: 'கேள்வியே கிடையாது' என்கிற பாலிசியை வாங்காதீர்கள்

பிறவியிலேயே வந்த ரத்த நோய் உங்களுக்கு இருந்து, படிக்க ஜெர்மனி வருவதாக இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல், எதுவானாலும் சரி. 'மெடிக்கல் டெஸ்ட் வேண்டாம், அரை மணி நேரத்தில் சான்றிதழ்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் 35 யூரோவுக்கு ஒரு காப்பீடு விற்கிறார்கள். எனக்கு விற்றவர் தமிழர். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் போடவில்லை.

எனக்கு ஹீமோஃபிலியா ஏ, கடுமையான வகை. ரத்தம் உறையத் தேவையான ஃபாக்டர் எட்டு என் உடம்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிறந்தது ஈரோடு. தவழும் வயதில் முட்டி வீங்கிக்கொண்டே இருந்ததால் வேலூர் சி.எம்.சி.க்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கேதான் கண்டுபிடித்தார்கள். பத்து வயதில் நியூஜெர்சி போனோம். இப்போது அமெரிக்கக் குடிமகன். அங்கே மருந்துக்கு அலைந்ததே இல்லை. 26 வயது வரை அப்பாவின் காப்பீட்டில் இருக்கலாம். 2014-லிருந்து, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி அந்த மாதிரிக் காப்பீட்டில் யாரும் தள்ளிவிட முடியாது. மருந்து குளிர்பெட்டியில் வாசலுக்கே வந்துவிடும். ஆனால் அதெல்லாம் அமெரிக்க எல்லையோடு சரி, வெளிநாட்டு முகவரிக்கு ஒரு குப்பி கூட அனுப்ப மாட்டார்கள்.

கொலோனில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. அமெரிக்கர்கள் விசா இல்லாமலே இறங்கி, இங்கே வந்து 90 நாளுக்குள் தங்கும் அனுமதி கேட்டுக்கொள்ளலாம். அதற்குக் காப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும். செமஸ்டர் அக்டோபர் 1-ஆம் தேதி; ஜெர்மன் வகுப்புக்காக நான் ஜூலையிலேயே வந்துவிட்டேன். மாணவராகச் சேரும் வரை அரசு முறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் நுழைய முடியாது. அந்த இடைவெளியில்தான் இவர்களுடைய வியாபாரம் நடக்கிறது.

பாலிசி விற்றவரிடம் முதல் நாளே எழுதிக் கேட்டேன்: "அண்ணா, எனக்கு ஹீமோஃபிலியா. வாரம் மூன்று தடவை ஃபாக்டர் எட்டு போட்டுக்கணும். இந்தப் பாலிசியில் அது வருமா?" பதில் வாய்ஸில் வந்தது. "தம்பி, அதெல்லாம் அமெரிக்காவுலதான் பிரச்சினை. ஜெர்மனில ஆஸ்பத்திரிக்குப் போனா யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. நீங்க கவலைப்படாம வாங்க." எழுத்தில் அனுப்புங்கள் என்று மறுபடி கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. விண்ணப்பத்தை அவரே ஆன்லைனில் நிரப்பினார்.

ஆகஸ்டில் ஒரு மழை நாள், ட்ராமிலிருந்து இறங்கும்போது வழுக்கி இடது முட்டி மடங்கியது. ஹீமோஃபிலியா உள்ளவர்களுக்கு அந்த ஆரம்பக் கூச்சம் தெரியும். வீக்கம் வருவதற்கு முன்பே மூட்டுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ நிரம்புகிற மாதிரி இருக்கும். கையிலிருந்த மருந்தை உடனே போட்டேன். கொண்டு வந்தது வழக்கமான டோஸுக்குத்தான் கணக்காக இருந்தது. மூட்டுக்குள் ரத்தம் கசிந்ததற்கு அடுத்தடுத்துப் போட வேண்டியிருந்ததால் தீர்ந்துவிட்டது. மருத்துவமனையில் நன்றாகவே பார்த்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. காப்பீட்டு அட்டையைப் பார்த்ததும் மருத்துவமனை அலுவலகத்திலிருந்த பெண்மணி மட்டும் முகத்தைச் சுருக்கினார். சொந்தப் பணத்தில் கட்டுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மருந்துக்கு மட்டும் 6,000 யூரோவைத் தாண்டியது.

பில்லை அனுப்பிய பிறகுதான் கேள்விகள் வந்தன. கம்பெனியிலிருந்து நாலு பக்கப் படிவம். மருத்துவ ரகசியத்தை வெளியிட என் சம்மதம், இதுவரை பார்த்த டாக்டர்கள் பட்டியல், நடுவில் ஒரு கட்டம்: 'இந்த நோயின் அறிகுறி முதன்முதலில் தெரிந்த தேதி'. பிறவி நோய்க்காரன் அதில் என்ன எழுதுவான்? என் பிறந்த வருடத்தை எழுதினேன். பத்து நாள் கழித்து, பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பொறுப்பில்லை என்று ஒரு பத்தியில் கடிதம் முடிந்தது.

சூட்சுமம் இதுதான். ஜெர்மனியில் உடல்நிலையைப் பற்றிக் கேட்காமல் கொடுக்கிற காப்பீடு இரண்டு வகை. அரசு முறைக் காப்பீடு கேட்காது, ஏனென்றால் கேட்டுத் தள்ளிவிட அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இந்த மலிவு பாலிசி வாங்கும்போது கேட்காது. காசு கொடுக்க வேண்டிய நேரத்தில் கேட்கும். முன்பே இருந்த எல்லாவற்றையும் மொத்தமாக விலக்கி வைத்துவிட்டால் முன்கூட்டிக் கேட்க என்ன அவசியம்? சளி, காய்ச்சல், கால் முறிவுக்கு அது போதும். நமக்கு அது தங்கும் அனுமதி அலுவலகத்தில் நீட்டுகிற ஒரு காகிதம், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து அடுத்து வந்தது. செப்டம்பரில் அதே அண்ணன், "யூனிவர்சிட்டி அட்மிஷனுக்கு இதுவும் வேணும் தம்பி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்று ஒரு படிவம் அனுப்பினார். மாணவர் நல அமைப்பின் ஆலோசனை அறையில் காட்டினேன். அங்கிருந்த பெண்மணி படித்துவிட்டு, பேனாவை என் பக்கத்திலிருந்து தள்ளியே வைத்துவிட்டார். அரசு முறைக் காப்பீட்டிலிருந்து எனக்கு விலக்கு வேண்டும் என்று நானே கேட்கிற விண்ணப்பம் அது! அந்த விலக்கை வாங்கிவிட்டால் திரும்பப் பெற முடியாது. படிப்பு முடியும் வரை மாணவராக உள்ளே வரவே முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு வருடம் மருந்துக்கு வழியில்லாமல் தவித்திருப்பேன், இல்லையென்றால் படிப்பை விட்டு நியூஜெர்சிக்குத் திரும்பியிருப்பேன். நான் இங்கே இருக்கும் வரை அவருக்குக் கமிஷன் தொடர்ந்து வந்திருக்கும்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். இங்கே காப்பீடு விற்கிறவர் தொழில் வர்த்தக சபை வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இவர் பெயர் அதில் இல்லை. விற்பவர் கொடுத்த ஆலோசனையை எழுத்தில் தர வேண்டும் என்பதும் சட்டம்; ஆனால் 'எனக்கு ஆலோசனை வேண்டாம்' என்று வாடிக்கையாளர் கைவிட்டுவிடலாம். அவர் நிரப்பிய என் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் இருந்தது. நான் போட்டதில்லை.

அக்டோபர் 1 முதல் அரசு முறைக் காப்பீட்டில் இருக்கிறேன். மாதம் 140 யூரோவை ஒட்டி வருகிறது. நோயைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அதே ஃபாக்டர் எட்டுக்கு இப்போது மருந்துக்கடையில் நான் கொடுப்பது 10 யூரோ. பக்கத்திலேயே பான் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாட்டின் பெரிய ஹீமோஃபிலியா மையங்களில் ஒன்று இருக்கிறது. ரயிலில் அரை மணி நேரம்.

வருகிறவர்கள் முடிந்தவரை செமஸ்டர் தொடங்கும் தேதியை ஒட்டி வாருங்கள். மாணவர் கட்டணம் 30 வயது வரைதான், அதைத் தாண்டியவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காப்பீட்டை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். டாக்டர் கடிதத்தோடு, ஒரு ரத்தக் கசிவுக்கும் சேர்த்து மருந்து எடுத்து வாருங்கள். யாரிடம் பாலிசி வாங்கினாலும் உங்கள் மருந்தின் பெயரை எழுதி, 'இதற்குப் பணம் தருவீர்களா' என்று கம்பெனிக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவர் சொல்வது பேச்சோடு போச்சு.

பெர்லினில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன், அதற்குக் கட்டணம் இல்லை. பில்லைத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கொலோன், ஆகன் பக்கத்துத் தமிழ் மாணவர் குழுக்களில் இதே மாதிரி 35 யூரோ பாலிசி எடுத்தவர்கள், வாட்ஸ்அப்பில் 'மறையும் செய்தி' வசதி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் என் அரட்டையில் அதைப் போட்டு வைத்திருந்தார். வாய்ஸ் எதுவும் மிச்சமிருந்தால் உடனே சேமித்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்ளலாம்.