டிஸ்னி வேர்ல்டில் ஒரு குடும்பச் சாப்பாடு: தலைக்கு விலையா, தட்டுக்கு விலையா?

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும் சமயத்தில் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை சேர்ந்துகொண்டால், அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவும் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குத்தான் கிளம்புகின்றன. எந்த ரைடு, எந்த ஹோட்டல் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை நிதானமாகச் சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டால் மட்டும், "சிண்ட்ரெல்லா கோட்டைக்குப் போங்க" என்று ஒரே பதில்தான் வரும்.

நாங்கள் ஆறு பேர். அம்மா, அப்பா, நான், கணவர், 11 வயது மகள், 7 வயது மகன். அம்மாவும் அப்பாவும் முட்டை கூடச் சேர்க்காத சைவம். நாங்கள் நால்வரும் எல்லாம் சாப்பிடுவோம். இப்படி ஒரு குடும்பத்துக்கு எது சரிப்படும் என்று நான்கு இடங்களை எடை போட்டுப் பார்த்து, கடைசியில் சனா என்ற ரெஸ்டாரண்டுக்குப் போனோம். மற்ற மூன்றையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் நான் சனாவைத்தான் சொல்வேன்.

முதலில் கோட்டை. டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்தின் நடுவில் 189 அடி உயரத்துக்கு நிற்கும் அந்தக் கோட்டையின் மாடியிலேயே சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. பெயர் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள். சிண்ட்ரெல்லாவோடு படம் எடுத்துக்கொள்ளலாம், இளவரசிகள் மேசை மேசையாக வந்து பேசுவார்கள். மதியமும் இரவும் பெரியவர்களுக்கு ஆளுக்கு 80 டாலருக்கு மேல், வரியும் டிப்ஸும் தனி. முன்பதிவு செய்யும்போதே முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். இங்கே நான் சாப்பிட்டதில்லை. அக்கா குடும்பம் போய்வந்து சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். அவர்களுடைய ஐந்து வயதுப் பெண்ணுக்கு அன்று தரையில் கால் படவில்லையாம். அந்த வயதில் இளவரசி உண்மை என்று நம்பும் குழந்தை வீட்டில் இருந்தால், வேறெதையும் யோசிக்க வேண்டாம், பணத்தைக் கட்டிவிடுங்கள். என் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், மகனுக்கு இளவரசிகளில் நாட்டமில்லை.

அடுத்தது எப்காட் பார்க்கில் உள்ள கார்டன் கிரில். 1982-இல் எப்காட் திறந்த காலத்திலிருந்தே அந்த இடத்தில் ஒரு சுழலும் உணவகம் இருந்துவருகிறது. தளம் மெதுவாகச் சுற்றும். கீழே படகுச் சவாரிக்காக அமைத்த மழைக்காடு, பாலைவனம், பண்ணை வீடு எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அதே கட்டடத்தின் பசுமைக்குடிலில் விளையும் காய்கறியில் கொஞ்சம் சமையலுக்கும் வருகிறது. சிப், டேல் என்ற இரண்டு அணில்களும் மிக்கியும் ஒவ்வொரு மேசைக்கும் வந்து குழந்தைகளோடு விளையாடுவார்கள். பெரிய தட்டுகளில் உணவைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள், தீர்ந்தால் மறுபடி கொடுப்பார்கள். அம்மா அப்பா இல்லாமல் நாங்கள் நால்வர் மட்டும் ஒரு முறை போயிருக்கிறோம். மகன் சின்னவனாக இருந்த சமயம் அது, மிக்கியின் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றான். கோட்டையை விட விலை குறைவு, ஆனால் இதுவும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்குதான்.

ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்கில் சை-ஃபை டைன்-இன் இருக்கிறது. 1950-களில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்ப்பார்களே, அந்தத் திறந்தவெளித் தியேட்டர் போல அரங்கை இருட்டாக்கி, கூரையில் நட்சத்திரம் வைத்து, கார் வடிவ மேசைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எதிரே திரையில் பழைய விண்வெளி, ராட்சதப் படங்களின் முன்னோட்டங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பர்கர், மில்க் ஷேக். விலை தட்டுக்குத்தான். இடம் எனக்குப் பிடிக்கும், ஆனால் காரில் எல்லோரும் திரையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஆறு பேர் போனால் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ள வழியில்லாத இடம், இந்தப் பயணத்துக்கு ஒத்துவராது.

இனி, எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். தீம் பார்க் ரெஸ்டாரண்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் காட்சி, கதாபாத்திரம், ருசி என்று எல்லாவற்றையும் அலசுகிறார்கள். விலையை ஆளுக்குப் போடுகிறார்களா, தட்டுக்குப் போடுகிறார்களா என்பதை மட்டும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் தமிழ்க் குடும்பத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

டிஸ்னி கணக்கில் 10 வயது ஆனாலே பெரியவர். 3 முதல் 9 வயது வரைதான் குழந்தை விலை. தலைக்கு விலை போடும் இடத்தில் என் 11 வயது மகளுக்கும் என் கணவருக்கும் ஒரே பணம். இரண்டு கரண்டி சாதமும் கொஞ்சம் காய்கறியும் எடுத்துக்கொள்ளும் அம்மாவுக்கும் அதே பணம்தான். வறுத்த வான்கோழியும் மாட்டிறைச்சியும் அடங்கிய விலையைக் கொடுத்துவிட்டு, சைவத்துக்கென்று தனியாகச் செய்து தரும் ஒரு தட்டை வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தட்டை அக்கறையாகவே செய்து தருகிறார்கள், அதில் சந்தேகமில்லை. கணக்குதான் உதைக்கிறது.

பணத்தையாவது விட்டுவிடலாம், வருஷத்துக்கு ஒரு முறை வரும் செலவுதானே. விட முடியாதது இன்னொன்று. நம் பெரியவர்கள் மெனுவைக் கையில் வாங்கியதும் வலது பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். டாலரை மனதுக்குள் ரூபாயாக மாற்றுவார்கள். "எனக்குப் பசியே இல்லம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று அப்பா சொல்லிவிட்டால், அப்புறம் அந்த மேசையில் யாருக்கும் சோறு இறங்காது. தலைக்கு விலை என்னும்போது ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தொகை நிற்கிறது. கொஞ்சமாகச் சாப்பிட்டால் நம்மால் காசு வீணாகிறதே என்ற உறுத்தல், அதற்காக வயிற்றுக்கு மீறிச் சாப்பிட்டால் மறுநாள் அவஸ்தை. தட்டுக்கு விலை வைத்து, அந்தத் தட்டையும் நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொண்டால், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்ற கணக்கே எழாது. வீட்டில் குழம்புச் சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது போல ஆகிவிடும்.

உங்கள் அப்பா நன்றாகச் சாப்பிடுகிறவர், அசைவமும் உண்டு, வீட்டில் பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் இருக்கிறார்கள் என்றால் இந்த வாதம் தலைகீழாகிவிடும். அப்போது கேட்கக் கேட்கக் கொடுக்கும் கார்டன் கிரில்தான் லாபம்.

சனா பார்க்குக்குள் இல்லை. அனிமல் கிங்டம் பார்க்குக்குப் பக்கத்தில் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்று டிஸ்னியின் ஹோட்டல் ஒன்று 2001-இல் திறந்தது. அதன் இரண்டாவது கட்டடத் தொகுதியான கிடானி வில்லேஜில், 2009-இலிருந்து சனா இருக்கிறது. ஹோட்டலைச் சுற்றிப் பெரிய புல்வெளிகள். அதில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, ஆளுயரக் கொம்புள்ள அங்கோலே மாடுகள் எல்லாம் மேய்ந்துகொண்டிருக்கும். ரெஸ்டாரண்டின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே அந்தப் புல்வெளி.

சமையல் ஆப்பிரிக்காவும் இந்தியாவும் கலந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோடு நம் ஆட்களுக்கு நெடுங்கால வியாபாரத் தொடர்பு உண்டு, சப்பாத்தியும் சமோசாவும் அங்கே அன்றாட உணவாகிப் பல காலம் ஆயிற்று. அதனால் இந்தக் கலவை ஒட்டுப்போட்டது போலத் தெரிவதில்லை. இங்கே பேர்போனது பிரெட் சர்வீஸ். சாதா நான், இஞ்சி பூண்டு நான், மசாலா நான், வெங்காயக் குல்ச்சா, பனீர் பரோட்டா என்று ஐந்து வகை. தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணங்கள்: வெள்ளரி ரைத்தா, மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய், மிளகாய் சம்பல் என்று போகும். ஐந்தும் ஒன்பதும் சேர்த்து வாங்கினால் 20 டாலருக்குச் சற்று மேல். நாங்கள் இரண்டு செட் சொல்லி, பெரியவர்களுக்குச் சாதத்தோடு ஒரு சைவக் குழம்பும் பிள்ளைகளுக்கு பட்டர் சிக்கனும் வாங்கினோம். ஆறு பேருக்கும் வயிறு நிறைந்தது. ஆறு பேர் என்றால் 18 சதவீத டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள், அதற்கு மேல் தனியாக வைக்க வேண்டியதில்லை.

அம்மா ஒன்பது கிண்ணத்தையும் வரிசையாக ருசி பார்த்தாள். "மாங்கா சட்னி தித்திப்பு, புளி நல்லாருக்கு, இந்தச் செவப்பு கொஞ்சம் காரம், நீ தொடாதேடா கண்ணா" என்று பேரனுக்கு ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டிருந்தாள். தீம் பார்க்கில் அதுவரை பிள்ளைகள்தான் பாட்டிக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மேசையில் பாட்டி சொல்லப் பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் பயணத்தில் எனக்கு மறக்காத வேளை அது. அப்பா மெனுவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அங்கோலே மாட்டின் கொம்பைப் பார்த்துவிட்டு, அதற்கு எப்படி மூக்கணாங்கயிறு போடுவார்கள் என்று என் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சில எச்சரிக்கைகள் உண்டு. டிஸ்னி மெனுக்களில் பச்சை இலைக் குறி போட்டிருந்தால் அதில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இல்லை என்று பொருள். முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழிகாட்டி. ஆனால் பால் சேர்ந்த சைவ உணவுக்கு இந்தக் குறி இருக்காது. குறி இல்லாததால் அசைவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், சர்வரைக் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது செஃபே மேசைக்கு வந்து, பெரியவர்கள் எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். காரம் நம் வீட்டுக் காரம் இல்லை, அமெரிக்க நாக்குக்கு அளந்து போட்டது. ஜன்னலோர மேசைக்கு உத்தரவாதம் கிடையாது, போனதும் கேட்டுப் பார்க்கலாம். விலங்குகளும் நாம் சாப்பிடும் நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. வராவிட்டால் சாப்பிட்டு முடித்து வெளியே உள்ள பார்வை மேடைகளில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

நேரம்தான் முக்கியம். இருட்டிவிட்டால் ஜன்னலால் பயனில்லை. ஜூன் மாதத்தில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் மாலை ஐந்தரைக்கே மங்கிவிடும். நான் போனது பகலில்தான். இருட்டிய பிறகு அந்தக் கூடம் எப்படி இருக்கும் என்பதை அங்கே இரவு சாப்பிட்டவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தூரம் ஒரு குறைதான். அனிமல் கிங்டம் பார்க்கிலிருந்து ஹோட்டல் பஸ்ஸில் சீக்கிரம் வந்துவிடலாம், மற்ற பார்க்குகளிலிருந்து வந்தால் நேரம் பிடிக்கும். கார் இருந்தால் கவலையில்லை. இந்தக் குறைக்குள்ளேயே ஒரு வசதியும் இருக்கிறது. ஹோட்டலில் இருப்பதால் பார்க் டிக்கெட் தேவையில்லை. கோட்டை, கார்டன் கிரில், சை-ஃபை மூன்றுக்கும் அந்தந்தப் பார்க்கின் அன்றைய டிக்கெட் வேண்டும். நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய டிக்கெட் நாளில் ஒன்றரை மணி நேரம் மேசையில் உட்கார்ந்தால், பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டு "எப்போ போலாம்?" என்று நச்சரிப்பார்கள். ஆர்லாண்டோ வந்து சேரும் நாளில், அல்லது நடுவில் ஓய்வுக்கு விடும் நாளில் சனாவை வைத்துக்கொண்டால் யாருக்கும் அவசரம் இருக்காது. பெரியவர்களின் முழங்காலுக்கும் அன்று விடுப்பு கிடைக்கும்.

மற்ற வேளைகளுக்குக் கட்டுச்சோறு. வெளிச் சாப்பாட்டை டிஸ்னி பார்க்குகளுக்குள் எடுத்துப் போகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, அங்கே போய்ச் சூடு பண்ண வேண்டியதாக இருக்கக் கூடாது, வாசனை தூக்கலாக இருக்கக் கூடாது. புளியோதரை, இட்லியில் மிளகாய்ப்பொடி தடவியது, சப்பாத்தி ரோல் எதற்கும் சிக்கல் வரவில்லை. பிளாஸ்டிக் டப்பாவும் ஸ்பூனும் போதும். ஐஸ் தண்ணீரை, குளிர்பானம் விற்கும் துரித உணவுக் கடைகளில் கேட்டாலே இலவசமாகத் தருகிறார்கள். ஒரு வேளைக்கு நன்றாகச் செலவு செய்துவிட்டு மிச்ச வேளைகளை இப்படி ஓட்டினால், பெரியவர்களுக்கும் மனம் நிறைகிறது.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் வந்து சேரும் நாளிலிருந்து 60 நாள் முன்பே, தங்கும் நாட்கள் முழுவதற்கும், 10 நாள் வரை, ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். கோட்டைக்கு விடிகாலையிலேயே உட்கார்ந்து பதிய வேண்டியிருக்கும். சனாவுக்கு அவ்வளவு போட்டி இல்லை, ஆனால் ஆறு பேர் மேசையும் வெளிச்சம் இருக்கும் நேரமும் சேர்ந்து வேண்டும் என்றால் தள்ளிப்போட வேண்டாம். வராமல் விட்டால் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள், திட்டம் மாறினால் நினைவாக ரத்து செய்துவிடுங்கள்.