மச்சானுக்குக் காரைக் கொடுப்பதா, வேன் பிடித்துக் கொடுப்பதா?

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்வர ஒரு நாளைக்குக் கார் வேண்டும் என்று மச்சான் கேட்கிறார். முடியாது என்று சொல்ல வாய் வராது. "அதுதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று சாவியைக் கொடுப்பதுதான் வழக்கம். அந்த இன்சூரன்ஸ் எந்த வகை, அது எதற்குக் காசு தரும், எதற்குத் தராது என்பதை வைத்துத்தான் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

இலங்கையில் மோட்டார் காப்புறுதி பொதுவாக வாகனத்தின் மேல் எழுதப்படுவது. உரிமையாளர் சம்மதித்து வேறொருவர் ஓட்டினார் என்பதற்காக மட்டும் அது செத்துப்போவதில்லை. கம்பனி மூன்றைப் பார்க்கும்: ஓட்டியவரிடம் அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்ததா, உங்கள் அனுமதியோடு ஓட்டினாரா, பொலிசியில் எழுதியுள்ள பாவனைக்குள் வாகனம் ஓடியதா. மச்சானா, மாமாவா, முன்வீட்டுத் தம்பியா என்பது அதற்கு ஒரு கணக்கே இல்லை. சில பொலிசிகளில் மட்டும் யார் ஓட்டலாம் என்று பெயர் குறித்திருப்பார்கள்; சான்றிதழில் அந்த வரியை வாசித்துவிட்டுச் சாவியைத் தேடுங்கள்.

லைசன்ஸ் விடயத்தில் அதிகம் சறுக்குவது வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள். டுபாயிலோ கனடாவிலோ பத்து வருடம் ஓட்டியிருந்தாலும் அந்த நாட்டு லைசன்ஸ் மட்டும் இங்கே போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு இங்குள்ள ஒட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் வேண்டும். ஓட்டோவுக்கு மட்டும் எடுத்த லைசன்ஸை வைத்துக் கார் ஓட்டுவதும் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் ஒன்றுதான்.

மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள கார்

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதைத்தான். மற்றவரின் மரணம், காயம் ஆகியவற்றுக்கு இது பொறுப்பேற்கும். மற்றவரின் மதில், கடை, வாகனம் போன்றவற்றுக்குப் பொலிசியில் எழுதிய எல்லை வரைதான். உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. கினிகத்தேன வளைவில் மண்மேட்டில் மோதி பம்பர், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஒரு ஹெட்லைட் போனால் முழு பில்லும் உங்கள் தலையில். அதை மச்சானிடம் கேட்டு வாங்குவது குடும்பத்துக்குள் எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட காரை மலையிறக்கி நீண்ட தூரம் அனுப்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. டவுனுக்குள் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் கொடுப்பது வேறு கதை.

முழுக் காப்புறுதி உள்ள கார்

உங்கள் காரின் சேதத்துக்கும் காசு தருவதால் இது பாதுகாப்பானதுதான், ஆனால் கேட்ட தொகை அப்படியே கைக்கு வராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை ஏறியது. பலர் பொலிசியில் பழைய பெறுமதியையே வைத்திருந்தார்கள். குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால் அதே விகிதத்தில் நட்டஈட்டைக் குறைக்கும் நிபந்தனை பல பொலிசிகளில் உண்டு. கணக்கைப் பாருங்கள்: சந்தை விலை 80 இலட்சம், காப்புறுதி 60 இலட்சம், திருத்தச் செலவு 4 இலட்சம் என்றால் கிடைப்பது 3 இலட்சம். அதில் நீங்கள் ஏற்கவேண்டிய முதல் தொகை, அதாவது எக்ஸஸ், 25,000 ரூபா என்றால் கைக்கு வருவது 2,75,000. கார் பழையதென்றால் புதிய உதிரிப்பாகங்களின் விலையில் ஒரு பங்கையும் வெட்டுவார்கள். இளம் சாரதிகளுக்கும் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கும் எக்ஸஸைக் கூட்டும் பொலிசிகளும் இருக்கின்றன.

அடுத்தது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு. ஓட்டியவர் மச்சான், போனஸை இழப்பவர் நீங்கள். கதவில் சின்ன நெளிவு, திருத்த 30,000 ரூபா என்றால், கிளெய்ம் போட்டால் அடுத்த வருடப் பிரீமியம் அதைவிடக் கூடுதலாக ஏறுமா என்று கம்பனியிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பல நேரம் கைக்காசில் செய்துவிடுவதே இலாபம்.

கொழும்புப் பக்கத்துச் சாரதியிடம் காரைக் கொடுத்தால் இன்னொரு செலவும் வரலாம், அது எந்தப் பொலிசியிலும் இல்லை. றம்பொடை இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் பேட் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் அடி வரைக்கும் போகும். ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடி நின்றால் தட்டு கருகும். இரண்டையும் தேய்மானம், இயந்திரப் பழுது என்றுதான் கம்பனி எழுதும்; விபத்து என்று எழுதாது. இறக்கத்தில் இரண்டாம் கியர், ஓட்டோ கியர் என்றால் 'எல்', ஹைபிரிட் என்றால் 'பி' என்று சொல்லிக் கொடுங்கள். கருகிய கிளட்சுக்கு யார் காசு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

லீசிங்கில் உள்ள கார் என்றால் பதிவுப் புத்தகத்தில் பூரண உரிமையாளர் லீசிங் கம்பனிதான். கார் முழுதாக நாசமானால் நட்டஈட்டுப் பணத்தில் முதல் உரிமை அவர்களுக்கு, மிச்சம்தான் உங்களுக்கு.

காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது

எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான். பெற்றோல் அடித்துத் தருவது வேறு, நாள் வாடகை வாங்குவது வேறு. தனியார் பாவனைக்கு எழுதிய பொலிசியில் வாடகைக்கு ஓடினால் நிபந்தனை மீறல். வாடகைக்கென்று எழுதினால் பிரீமியம் கூடும், அதனால் பலர் மறைக்கிறார்கள். காயப்பட்ட மூன்றாம் ஆளுக்குக் கம்பனி கொடுத்தாலும், மீறலைக் காட்டி அந்தத் தொகையை உங்களிடம் திரும்பக் கேட்கலாம். எடுத்துப்போனவர் காரைத் திருப்பித் தராமல் ஈடு வைத்துவிட்டாலும் சிக்கல்தான். பல பொலிசிகளில் களவு வேறு, நம்பிக்கை மோசடி வேறு. நீங்களே கையில் கொடுத்த சாவியைக் களவு என்று காட்ட முடியாது.

சாரதியோடு வேன்

கூலி கண்ணைக் குத்தும். ஆனால் எக்ஸஸ், போனஸ், பிரேக், லைசன்ஸ் எல்லாம் வேன்காரரின் தலைவலி. ஒன்றை மட்டும் பாருங்கள்: வேனின் காப்புறுதிச் சான்றிதழில் வாடகைப் பாவனை எழுதப்பட்டிருக்கிறதா? தனியார் பொலிசியில் ஹயர் ஓடும் வேன்கள் மலையகத்தில் குறைவில்லை. அதில் ஏறினால் உள்ளே இருப்பவர்களின் காயத்துக்குக் காப்புறுதிக் காசு வராமல் போகலாம். உங்கள் சொந்தக் காரிலும், பயணிகளுக்கான விபத்துப் பயன் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காரையே கொடுப்பது என்று முடிவானால் காப்புறுதிச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், கம்பனியின் 24 மணிநேர இலக்கம் மூன்றும் காருக்குள் இருக்கட்டும். இடிபட்டால் படம் எடுத்து, அந்த இடத்திலிருந்தே கம்பனிக்குச் சொல்ல வேண்டும். யாருக்காவது காயம் என்றால் 1990 இலக்க அம்புலன்சும் பொலிசும் முதலில். வளைவில் போன் சிக்னல் இல்லையென்றால் ஒருவர் காரோடு நிற்க, மற்றவர் சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடக்கட்டும். மச்சானுக்கு லைசன்ஸ் காலாவதி என்று அப்போதுதான் தெரியவந்தால், "நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிடுங்க அத்தான்" என்று போன் வரும். அதற்கு இணங்காதீர்கள். முதல் அறிவிப்பில் ஒரு பெயர், பொலிஸ் முறைப்பாட்டில் வேறு பெயர் என்றாகிவிட்டால், ஒருவேளை கிடைத்திருக்கக்கூடிய காசும் போய், பொய் வாக்குமூலம் உங்கள் பெயரில் நிற்கும்.