ஜப்பானியப் பெயர் அகராதிச் செயலி: விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?

ஜப்பானிய மொழிபெயர்ப்பில் புதிதாக இறங்கியிருக்கும் தோழி, ஆட்பெயர் அகராதிச் செயலியின் சந்தா குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டாள். சில வருடங்களாக அதை வைத்துத்தான் நூல் பட்டியல்களும் கட்டுரையாளர் பெயர்களும் சரிபார்க்கிறேன். அதனால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். கான்ஜியில், அதாவது ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்தில் இருக்கும் பெயரை ஒட்டினால், அதை எப்படியெல்லாம் படிக்கலாமோ அத்தனையும் உடனே வரும். அபூர்வமான குடும்பப் பெயர்கள்கூட இருக்கின்றன. இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ரோமன் எழுத்தில் ஷின்இச்சி என்ற பெயருக்கு நடுவே மேற்கோள் குறி போட்டுப் பிரிக்கிறது. அந்தக் குறி இல்லாவிட்டால் ஷினிச்சி என்று படித்துவிடுவார்கள். இவ்வளவு கவனம் எடுத்துச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஓர் எரிச்சல் இன்றுவரை தீரவில்லை. பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் முதலில் இருக்கும் உச்சரிப்பைத் தானே எடுத்து ரோமன் எழுத்தில் கோப்பாக்கித் தந்துவிடுகிறது. யூகோ என்று படிக்கும் அதே இரண்டு கான்ஜியை ஹிரோகோ என்றும் படிக்கலாம். இரண்டுமே சர்வசாதாரணமான பெண் பெயர்கள். கோப்பில் யூகோ மட்டும்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியாவது போடக்கூடாதா? ஊகித்தது எது, உறுதியானது எது என்று எப்படித் தெரியும்? ஹிரோகோ என்ற பேராசிரியரை யூகோ என்று அச்சிட்டால், அவர் எழுதியது வேறு யார் கணக்கிலோ போய்ச் சேரும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர் ஹன்யூ யுசுரு, ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் ஆட்டக்காரர் ஹபு யோஷிஹாரு, இருவர் குடும்பப் பெயருக்கும் ஒரே இரண்டு கான்ஜிதான். ஆள் யாரென்று தெரியாமல் எந்த அகராதியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. குழந்தையின் பெயரில் எந்தெந்த எழுத்து வரலாம் என்று ஜப்பானியச் சட்டம் கட்டுப்படுத்தியது. எப்படிப் படிப்பது என்பதை நெடுங்காலம் பெற்றோரிடமே விட்டிருந்தது. கோசெகி என்னும் குடும்பப் பதிவேட்டில் உச்சரிப்பும் ஏற வழிசெய்த சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2025 மே 26 அன்றுதான். அதுவும் வெளியாட்கள் நினைத்தபடி எடுத்துப் பார்க்கும் ஆவணம் கிடையாது.

உண்மையில் எனக்கு விடை தருவது ஒகுசுகே. ஜப்பானியப் புத்தகத்தின் கடைசியில் பதிப்பு விவரம் அச்சிடும் பக்கம் அது. பெரும்பாலும் ஆசிரியர் பெயருக்கு மேல் பொடி எழுத்தில், உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானா இருக்கும். புத்தகம் கையில் இல்லையா, ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பெயர்ப் பதிவுகளில் தேடுவேன். கதகானா என்னும் ஒலியெழுத்தில் உச்சரிப்பு இருக்கும், பலருக்குப் பிறந்த வருடமும் இருக்கும். ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் பிரித்துவிடலாம். ஆய்வாளர் என்றால், ஜப்பானிய ஆய்வாளர்களின் விவரம் இருக்கும் ரிசர்ச்மேப் இணையதளம். எல்லாமே இலவசம்!

அப்புறம் நெடில் விவகாரம். ஓனோ, ஒனோ இரண்டும் வேறு வேறு குடும்பப் பெயர்கள். தமிழில் எழுதினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஜப்பானியப் பாஸ்போர்ட்டில் நெடிலைக் காட்டாமல் எழுதுவதுதான் பொது விதி, ஆகவே இரண்டும் ஒன்றாகிவிடும். விரும்புகிறவர்கள் 'ஓ'வுக்குப் பின்னால் 'ஹெச்' சேர்க்கக் கேட்கலாம். பேஸ்பால் வீரர் ஓட்டானி ஷோஹேயின் சட்டை முதுகிலும் அந்த ஹெச் இருக்கிறது. செயலியோ எல்லோருக்கும் எழுத்தின் தலையில் நெடில்கோடு போட்டுவிடும். ஒருவர் தன் பெயரை இப்படித்தான் எழுதுகிறார் என்று தெரிந்த பிறகு விதியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது என்பது என் கட்சி.

தினமும் அந்தச் செயலியைத் திறக்கத்தான் செய்கிறேன். இருந்தாலும் தோழிக்கு நான் சொன்னது: வாங்காதே. ஊகத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறி சேர்க்கட்டும், பழைய விலைக்கே வாங்கச் சொல்வேன். இப்போதைக்கு வேண்டாம்.